அனுமந்தரம் கேட்கிறதா?

ஸ்ரீரங்கம்
ஞாயிறு காலை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மீனா வீணையில் வர்ணம் வரைக்கும் வந்துவிட்டாள் என்று படித்ததும், நவராத்திரிக்கு உன் வீட்டுக் கூடத்தில் அவள் வாசித்தது நினைவுக்கு வந்தது. அவள் பதிவு தெளிவாகக் கேட்க எந்த இயர்போன் வாங்கலாம் என்று நீ கேட்ட கேள்விக்கு வாயில் வந்ததை எழுதிப்போட மனம் வரவில்லை. அதனால் வீட்டில் இருந்த நான்கு இயர்போன்களையும் எடுத்து வைத்துக்கொண்டு பத்து நாள் கேட்டேன். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

"போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கிறது, ஐம்பத்து மூன்று வயதில் காது போய்விட்டதோ" என்று எழுதியிருந்தாய். முதலில் அதைப் பேசிவிடலாம். வயது ஏற ஏற உச்ச ஒலிகள் குறைவது உண்மைதான். இருபது வயதில் 17,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை அதிர்வு) வரை கேட்ட காது, ஐம்பதைத் தாண்டியபின் 12,000 பக்கம் நின்றுவிடுவது சாதாரணம். ஆனால் குரலும் வீணை நாதமும் பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்குள்ளேயே அடங்கிவிடும். மீனா நேரில் வாசிப்பது தெளிவாகக் கேட்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் போர்வை உன் காதில் இல்லை, அந்த 399 ரூபாய் இயர்போனில் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர் சொல்வதே பிடிபடவில்லை என்றால் மட்டும் காது மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுத்துக்கொள்.

நான் எதை வைத்துச் சோதித்தேன் தெரியுமா? நீ அனுப்பிய மீனாவின் பதிவை வைத்துத்தான். அந்த வீணையை நான் நாலடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதன் மிகக் கீழான ஒலி தரும் அனுமந்தரத் தந்தி எப்படி அதிரும், அவள் நகம் முதல் தந்தியான சாரணியில் படும்போது என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். யாரோ எங்கோ ஸ்டுடியோவில் பாடியதைக் கேட்டு இயர்போன் நல்லதா என்று சொல்வது கஷ்டம், அந்தக் குரலின் அசலை நாம் கேட்டதில்லையே. நேரில் தெரிந்த ஒரு ஒலி கையில் இருந்தால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

நீ வைத்திருப்பது போன்ற ஒன்று என் மகனிடம் இருந்தது. அதில்தான் தொடங்கினேன். அட்டைப்பெட்டியில் 'எக்ஸ்ட்ரா பாஸ்', அதாவது கூடுதல் கீழ் ஒலி, என்று கொட்டை எழுத்து. மீனா கீழ்த் தந்திக்குப் போனதுமே ஒலி வீங்கிக்கொண்டு எழுந்து மேலே நடப்பதையெல்லாம் விழுங்கிவிட்டது. அனுமந்தரம் கேட்கிறது, ஆனால் எந்த ஸ்வரம் என்று தெரியவில்லை, 'தொம்' என்ற ஒரே சத்தம். தாளத் தந்திகள் இருக்கிற இடமே தெரியவில்லை. பிறகு பழைய போனோடு இலவசமாக வந்ததைப் போட்டேன். அது காதுக்குள் நுழையாமல் மடலில் தொங்குகிற பிளாஸ்டிக் வகை. கீழ் ஒலி சுத்தமாக இல்லை, ஆனால் நடு ஸ்தாயியில் அது அந்த 399-ஐவிட உண்மையாக இருந்தது. கமகத்தின், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதன், வளைவு தெரிந்தது. காசு கொடுத்து வாங்கியது, சும்மா வந்ததிடம் தோற்றுப்போனதைப் பார்த்து எனக்கே வருத்தமாகிவிட்டது.

இதற்குக் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நம் காது மடலும் துளையும் சேர்ந்து 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளை இயற்கையாகவே தூக்கிக் கொடுக்கின்றன. காதை அடைத்துக்கொண்டு இயர்போனைச் செருகும்போது அந்த உதவி போய்விடுகிறது. செய்கிறவர்கள் அந்தத் தூக்கலை இயர்போனுக்குள்ளேயே வைத்துத் தரவேண்டும். வைக்காவிட்டால் குரல் திரைக்குப் பின்னால் போய்விடும், அதிகமாக வைத்தால் கத்தும். மலிவான சரக்கு பலவற்றில் அதை விட்டுவிட்டுக் கீழ் ஒலியை மட்டும் ஊதிவிடுகிறார்கள். கடையில் பத்து விநாடி கேட்கிறவருக்கு அது 'செம பாஸ்' என்று தோன்றும். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கேட்டால்தான் தலை கனக்கும்.

மூன்றாவதும் நான்காவதும் சீனாவிலிருந்து வருபவை: 7ஹெர்ட்ஸ் கம்பெனியின் சால்நோட்ஸ் ஸீரோ, அப்புறம் மூன்டிராப் சூ 2. முதலாவது 2022-ல் வந்தது, இரண்டாவது 2023-ல். இரண்டுமே இருபது டாலர் பக்கம் விற்பவை, நம் ஊரில் இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும். இரண்டிலும் ஒலி எழுப்பும் பாகமாக 10 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் ஒன்றுதான், அதாவது ஒரு காந்தம், ஒரு சுருள், ஒரு சவ்வு. பெட்டியில் 'நான்கு டிரைவர், ஆறு டிரைவர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து அசந்துவிடாதே, எண்ணிக்கைக்கும் நாதத்துக்கும் சம்பந்தமில்லை.

ஸீரோவில் மீனாவைக் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாளத் தந்திகள் ஒரு பக்கமாகத் தனியாக ஒலித்தன. வீணையின் மெட்டுப் படிகளில் விரல் நகரும் உரசல்கூடக் கேட்டது. அனுமந்தரம் சற்று மெலிவுதான், உன் கூடத்தில் தரையே அதிர்ந்த அந்த நிறைவு இல்லை, ஆனால் ஸ்வரம் ஸ்வரமாக இருந்தது. சூ 2-வில் கீழே இன்னும் கொஞ்சம் சதை இருக்கிறது. மிருதங்கக் கச்சேரிப் பதிவு ஒன்றை இரண்டிலும் மாறி மாறிப் போட்டேன். இடப்பக்கத் தொப்பியில் கும்கி என்ற கனத்த ஒலி வழுக்கிக்கொண்டு ஏறுவது சூ 2-வில் அழகு, வலப்பக்க வலந்தலையின் சாப்பு அடி ஸீரோவில் சுத்தம். சூ 2-வில் சில பாடகிகளின் 'ஸ' எனக்குக் கொஞ்சம் கூர்மையாகப் பட்டது. வீணைக்கு என்றால் என் ஓட்டு ஸீரோவுக்கு.

விலை கூடினால் ஒலி கூடும் என்று நாம் நினைப்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து விலையோடு ஒப்பிட்டு 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்தெந்த ஒலியை எவ்வளவு தூக்கிக் கொடுக்கிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை என்பதுதான் முடிவு. ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் ஹார்மன் என்ற ஒலிக்கருவிக் கம்பெனியில் ஏராளமானவர்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்து, பெரும்பாலானோருக்கு எந்தச் சமநிலை பிடிக்கிறது என்று ஒரு கோடு வரைந்தார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. காதைப் போல அளக்கிற கருவிகளும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. செங்டூவிலும் ஷென்சென்னிலும் இருக்கிற சிறு கம்பெனிகள் அந்தக் கோட்டைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் இந்த இரண்டாயிரம் ரூபாய் அதிசயம் நடந்தது. நாம் ஹாஸ்டலில் இருந்தபோது இப்படி ஒன்று கைக்கு வந்திருந்தால் எவ்வளவு கேட்டிருப்போம்!

தங்க நிறத்தில் 'ஹை-ரெஸ்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி வரும் என்பதற்கு அடையாளம் அது. மனிதக் காது நல்ல வயதிலேயே 20,000-ஐத் தாண்டாது. அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதே.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். எதை வாங்கினாலும் முதல் வேலை ரப்பர். கூடவே சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று ஜோடி வரும். காதுத் துளையை அது முழுக்க அடைக்காவிட்டால் கீழ் ஒலி கசிந்து போய்விடும், எவ்வளவு நல்ல இயர்போனும் தகரம் மாதிரி கேட்கும். எனக்கு வலது காதுக்கு நடுத்தரம், இடது காதுக்குப் பெரிது. இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. ஒரு கையால் மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் மெதுவாகச் செருகு. ஒயர் காதுக்கு மேலே சுற்றி வரவேண்டும், கீழே தொங்கவிட்டால் அது சரியாக உட்காராது.

இரண்டை ஒப்பிடும்போது குரல் இரண்டிலும் ஒரே சத்தமாக இருக்கும்படி வால்யூமை மாற்றிக்கொண்டு கேள். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நல்லதாகத் தோன்றும், அதில் எல்லோரும் ஏமாறுகிறோம். ஒன்றை வாங்கியபின் ஒரு வாரம் அதையே கேட்டுவிட்டு முடிவு செய். நூறு மணி நேரம் ஓடவிட்டால் இயர்போன் பக்குவப்படும் என்பார்கள். பழகுவது நம் காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

உன் மகன் ஒயர்லெஸ் வாங்கச் சொல்கிறான் என்றாய். நடைப்பயிற்சிக்கு வாங்கட்டும், மீனாவுக்கு வேண்டாம். புளூடூத்தில் ஒலி வந்து சேர ஐந்தில் ஒரு பங்கு விநாடி வரை தாமதமாகும். ஸ்ருதிப்பெட்டியையும் தாளத்தையும் போனில் ஓடவிட்டுச் சாதகம் செய்து பதிவு செய்கிறவளுக்கு அது பெரிய தொல்லை. ஒயரில் அந்தத் தாமதம் கிடையாது, பேட்டரி செத்துப்போவதும் கிடையாது.

அவள் போனில் உருண்டை ஜாக் இல்லை என்றால் போனின் சி-வகைத் துளையில் ஜாக்கைப் பொருத்தும் இணைப்பி ஒன்று வேண்டும். உள்ளே ஒலி மாற்றும் சிப் இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. வெறும் ஒயர் மட்டும் உள்ளவை பல போன்களில் வேலை செய்யாது. ஆப்பிளின் இணைப்பி அளவீடுகளில் மிகச் சுத்தம், ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் குறைவாக வரும், போட்டுப் பார்த்து வாங்கு.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. பேருந்து நிலையக் கடையில் 350, 400 என்று வாங்கியவை எனக்கு நாலைந்து மாதத்துக்கு மேல் வந்ததில்லை. டிரைவர் நன்றாகவே இருக்கும், ஜாக் பக்கத்தில் ஒயர் உள்ளுக்குள் அறுந்து ஒரு பக்கம் ஊமையாகிவிடும், முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதுதான். வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் போய்விடுகிறது. ஸீரோவிலும் சூ 2-விலும் ஒயரைக் கழற்றி மாற்றலாம், 0.78 மில்லிமீட்டர் இரட்டை ஊசி என்று கேட்டால் கொடுப்பார்கள். பழைய சூவில் ஒயர் நிரந்தரமாக ஒட்டியிருக்கும், விலை குறைவாக எங்காவது கிடைத்தாலும் அதை எடுக்காதே.

மீனாவிடம் ஒன்று சொல்லிவிடு. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் சத்தம் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். ரப்பர் நன்றாக அடைத்தால் தெருச் சத்தம் உள்ளே வராது, வால்யூமைக் கூட்டவேண்டிய தேவையும் இருக்காது. வண்டியில் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்ளவே கூடாது.

என் ஸீரோவைத் தங்கை மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை கோவை வருகிறான். ஒரு மாதம் மீனா வைத்துக்கொள்ளட்டும். பிடித்தால் அது அவளுக்கு, வர்ணத்துக்கு என் பரிசு. நான் சூ 2-வோடு இருந்துகொள்கிறேன். அவள் அடுத்துப் பதிவு செய்வதை வாட்ஸாப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதே, அது ஒலியை நசுக்கிவிடுகிறது. ஃபைலாக, டாக்குமென்ட் என்று போட்டு அனுப்பு. பதிவு செய்யும்போது போனை வீணைக்கு மூன்றடி தள்ளி, குடத்துக்கு நேராக வைக்கச் சொல். நீயும் ஸீரோவை மாட்டிக்கொண்டு அதே பதிவைக் கேள். அனுமந்தரத்தில் அவள் வாசிக்கும் ஸ்வரம் இன்னதென்று உனக்குத் தெரிகிறதா என்று எனக்கு எழுது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ரங்கராஜன்