கேஷில் கூட்டுச்சாவி: மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் பல புலங்களைச் சேர்த்து ஒரு பதிவை அடையாளம் காட்டும் கூட்டுச்சாவி (composite key) பற்றி வரும் விளக்கங்கள் தரவுத்தளத்தோடு நின்றுவிடுகின்றன. பல சர்வர்களின் நினைவகத்தில் தரவைப் பரப்பி வைக்கும் கேஷில் (cache) அதே சாவி வேறு விதமாக நடந்துகொள்வதை அறியாமலேயே நம் பகுதி மாணவர்கள் வேலைக்கு வருகிறார்கள்.

நான் முன்பு பணியாற்றிய நிறுவனத்தில், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலைகளைக் காட்டும் செயலிக்காகக் கடை எண், பூ வகை, தேதி மூன்றையும் கொண்ட ஒரு ஜாவா கிளாஸைச் சாவியாக்கி ஹேசல்காஸ்ட் (Hazelcast) என்ற அத்தகைய கேஷ் மென்பொருளில் வைத்தோம். விலையைப் பதிந்த ஊழியரின் எண்ணும் அந்தக் கிளாஸில் இருந்தது; இரண்டு பொருள்கள் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் மெத்தடில் அதை ஒப்பிடாமல் விட்டிருந்ததால் சோதனைகள் எல்லாம் சரியாகவே வந்தன. ஆனால் விடியற்காலையில் ஒருவர் பதிந்த மல்லிகை விலையை மற்றொருவர் தேடியபோது ‘இல்லை’ என்றே பதில் வந்தது. அவர் திருத்திப் பதிந்ததும் ஒரே கடைக்கு இரண்டு விலைகள் நின்றன. சாவியையும் மதிப்பையும் ஜோடியாக வைக்கும் ஹேசல்காஸ்ட் மேப்பில் சாவியை ஒப்பிடும்போது ஈக்வல்ஸைப் பார்ப்பதில்லை, சீரியலைஸ் ஆன, அதாவது சாவியை மாற்றி எழுதிய, பைட்டுகளையே பார்க்கிறது என்பது எங்களுக்குப் புரிய இரண்டு இரவுகள் ஆயின. வழக்கமான அமைப்பில் உள்ள 271 பார்ட்டிஷன்களில் (தரவைப் பிரித்து வைக்கும் பகுதிகளில்) எதற்குச் சாவி போக வேண்டும் என்பதும் அந்தப் பைட்டுகளைப் பொறுத்ததே. ஊழியர் எண்ணைச் சாவியிலிருந்து எடுத்து மதிப்போடு வைத்த பிறகுதான் சிக்கல் தீர்ந்தது.

கடை எண், பூ வகை, தேதி மூன்றையும் கோடு போட்டு ஒட்டி ஒற்றைச் சரமாக்கும் பழக்கமும் இங்கே உண்டு. அதைத் தவறு என்றே சொல்வேன். இன்றைய பிச்சிப்பூ விலையை மட்டும் கேட்டால், ஒவ்வொரு சாவியையும் வெட்டிப் பார்க்க வேண்டிவரும். தனித்தனிப் புலங்களாக வைத்தால் சாவியின் பூ வகை மீதே தேடலாம், விரைவாகத் தேட இண்டெக்ஸும் போடலாம். ஆரக்கிள் கோஹிரன்ஸ் (Coherence) என்ற இதே வகை மென்பொருளிலும், வேண்டிய புலத்தை எடுத்துத் தரும் எக்ஸ்ட்ராக்டரை மதிப்புக்குப் பதிலாகச் சாவியின் பக்கம் திருப்ப வழியுண்டு. அங்கே பாஃப் (POF) என்ற அதன் சொந்த பைட் வடிவத்தில் எழுதினால் பொருள் முழுவதையும் பிரிக்காமல் வேண்டிய புலத்தை மட்டும் எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு கிளாஸுக்கும் தரும் எண் எல்லா சர்வர்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும், 1000க்குக் கீழுள்ள எண்களைக் கோஹிரன்ஸுக்கே விட்டுவிடவும் வேண்டும்.

இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பூங்காக்களில் வேலை தேடும் மாணவர்களுக்காக, இவற்றை எடுத்துக்காட்டுகளோடு விளக்கும் பகுதி ஒன்றைக் கல்விப் பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் பொறியாளர்,
நாராயணபுரம், மதுரை.