காயம் ஆறியும் ஆறாத வலி: எல்லையோர மக்களுக்காக ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், கேரள சுகாதாரத் துறைக்கும், தேனி, இடுக்கி மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்து வண்டன்மேட்டில் ஓர் ஏலத்தோட்ட ஸ்டோரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இருட்டோடு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போய், பொழுது சாய இறங்கி வருகிறவர்களில் ஒருத்தி. சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஜீப் கவிழ்ந்ததில் என் வலது முழங்கை நொறுங்கியது. பிளேட் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. அந்த வலியோடு வாழ்கிற எங்கள் பக்கத்து ஜனங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் இரவும் பகலும் எரிச்சல். ரவிக்கைக் கை உரசினால் தாங்காது. போர்வை பட்டால் தூக்கம் போய்விடும். சாரல் மாதங்களில் மலைக்காற்று பட்டாலே போதும், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கரண்ட் அடித்தது போல ஒரு வெட்டு வெட்டும். ஆனால் அதே விரலைக் கிள்ளினால் உணர்ச்சி இருக்காது. மரத்துப்போன இடமே எரிகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வீட்டில் நம்பினார்கள். மருத்துவமனைகளில் நம்ப வைக்கத்தான் வெகுகாலம் பிடித்தது.

போன இடத்திலெல்லாம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். "எலும்பு நல்லா சேர்ந்திருக்கும்மா, இனி ஒண்ணும் இல்லை" என்றார்கள். எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது என்பதை யாரும் சொல்லவில்லை. நரம்பில் மின்னோட்டம் வைத்துப் பார்க்கும் பரிசோதனைகூட தடித்த நார்களைத்தான் அளக்கும். சூட்டையும் குளிரையும் வலியையும் கொண்டுபோகிற மெல்லிய நார்கள் கெட்டிருந்தால் அதில் எல்லாம் சரியாக இருப்பதாகவே வரலாம். இதைத் தெரியாத ஒரு குடும்பத்திடம் 'ரிப்போர்ட் நார்மல்' என்று சொன்னால், அடுத்த வார்த்தை 'மனசுதான் காரணம்' என்று வந்துவிடுகிறது. வேலைக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறாள் என்று ஒரு பெண்ணைச் சொல்ல ஊரில் ஆட்கள் அதிகம் தேவையில்லை.

கடைசியில் ஒரு மயக்க மருத்துவர்தான் எனக்குப் புரியும்படி விளக்கினார். அடிபட்ட நரம்பு, அடி ஆறிய பிறகும் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்குமாம். நாளாக ஆகத் தண்டுவடமும் அதற்குப் பழகி, சின்னத் தொடுதலையும் பெரிய வலியாகக் கூட்டிக் காட்டுமாம். காட்டுப்பன்றி தோட்டத்தை விட்டுப் போன பிறகும் காவல்காரர் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பது போல என்று நான் புரிந்துகொண்டேன். இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்ட வீரர்களைப் பார்த்த வியர் மிட்செல் என்ற மருத்துவர், புண் ஆறிய பிறகும் கை எரிகிறது என்று ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தவர்களைப் பற்றி 1864-லேயே தன் கூட்டாளிகளோடு எழுதி வைத்தார். நானும் நனைத்த துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறேன். அவ்வளவு காலமாகத் தெரிந்த ஒரு நோய்க்கு எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டில் எழுத ஒரு பெயர்கூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் புதிய வடிவத்தில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு அதில் தனிக் குறியீடுகள் கொடுத்திருக்கிறார்கள். நரம்பு வலிக்குத் தனியாக, காயத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் பிறகு நிலைத்துவிட்ட வலிக்குத் தனியாக. நீங்கள் அந்தக் குறியீட்டைச் சீட்டில் எழுத ஆரம்பித்தாலே நாங்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். இப்போது எங்கள் சீட்டில் 'கை வலி', 'உடம்பு வலி' என்று மட்டுமே இருக்கிறது. ஒரு டைக்ளோபினாக் ஊசி, கொஞ்சம் வைட்டமின் மாத்திரை, அவ்வளவுதான். நரம்பு வலிக்கு அந்த ஊசி பெரிதாகக் கேட்காது. கேட்கவில்லை என்று மறுபடி மறுபடி போட்டுக்கொண்டு, மெடிக்கலில் வாங்கித் தின்று, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கேட்கிற மருந்துகள் வேறு. அமிட்ரிப்டிலின், டுலோக்சடின், கேபாபென்டின், பிரிகாபலின். இவற்றைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று உலக வலி ஆய்வுச் சங்கத்தின் நரம்பு வலிக் குழு 2015-இல் சொல்லியிருக்கிறது. இதில் அமிட்ரிப்டிலின் பழைய மருந்து, விலையும் குறைவு. ராத்திரியில் 10 மில்லிகிராமில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுவார்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும். முதல் நாட்களில் தூக்கம் அசத்தும், வாய் உலரும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. இதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். சொல்லாமல் சீட்டில் எழுதிக்கொடுத்தால் என்ன ஆகிறது தெரியுமா? என்னோடு ஜீப்பில் வந்த அக்கா ஒருத்திக்கு இதே மாத்திரை கொடுத்தார்கள். மெடிக்கலில் யாரோ "இது மனநோய்க்குக் கொடுக்கிறதாச்சே" என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் அட்டையோடு தூக்கி எறிந்துவிட்டார். அப்புறம் அந்த அக்கா மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து நரம்பு வலிக்கும் தனியாக வேலை செய்யும் என்று ஒரு நர்ஸ் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் அவர் இன்று காய் எடுக்கப் போய்க்கொண்டிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

எல்லா வலியும் போய்விடும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இந்த மருந்துகளில் எதுவும் எல்லோருக்கும் வேலை செய்வதில்லை, ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்றுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். ஆய்வுகளில் வலி பாதி குறைந்தாலே வெற்றி என்றுதான் கணக்கு. எனக்கும் பாதிதான் குறைந்தது. ஆனால் அந்தப் பாதியில் நான் தூங்குகிறேன், மறுபடியும் பேனா பிடிக்கிறேன். இதை இடது கையால் எழுதவில்லை.

இப்போது உங்கள் திட்டங்களுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டோம். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சை நர்ஸ் வருகிறார், இயன்முறை மருத்துவரும் வருகிறார். நல்ல ஏற்பாடு. அதே ஆண்டு டிசம்பரில் இன்னுயிர் காப்போம் திட்டம் வந்தது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும். அதனால் பிழைத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் பிழைத்தவரின் நரம்பு மூன்றாம் மாதத்தில் எரிய ஆரம்பிக்கும்போது எந்தத் திட்டத்தின் கதவைத் தட்டுவது? படுக்கையில் கிடந்தால் ஒரு பட்டியலில் பெயர் இருக்கிறது. சர்க்கரை இருந்தால் ஒரு பட்டியலில் இருக்கிறது. நாங்கள் நடக்கிறோம், பேசுகிறோம், கை கால் பார்வைக்கு முழுசாக இருக்கிறது. அதனால் எந்தப் பட்டியலிலும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. நாள்பட்ட வலி அதில் தனி வகையாக இல்லை. சான்றிதழ் முகாமில் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கிறார்கள். என் முழங்கை மடங்கும். அதை வைத்து ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை செய்ய முடியும் என்று யாரும் கேட்பதில்லை.

இதில் எல்லை வேறு குறுக்கே நிற்கிறது. 48 மணி நேரத் திட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துக்குத்தான். ஒரே ஜீப், ஒரே சாலை. சோதனைச் சாவடிக்குக் கீழே கவிழ்ந்தால் ஒரு கணக்கு, மேலே கவிழ்ந்தால் வேறு கணக்கு. மேலே அடிபட்டவரைக் கட்டப்பனைக்கோ நெடுங்கண்டத்துக்கோ கொண்டு போவார்கள். அங்கிருந்து கோட்டயம் போகச் சொல்வார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று குடும்பம் தேனி மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டி வந்துவிடும். முதலில் பார்த்த மருத்துவர் நரம்பைப் பற்றி என்ன பார்த்தார் என்பது இரண்டாவது மருத்துவருக்கு வந்து சேருவதில்லை. இதில் நாட்கள் ஓடுவது சாதாரண நஷ்டம் இல்லை. நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். தோள்பட்டையில் அறுந்த நரம்பை முதல் சில மாதங்களுக்குள் தைக்கவோ மாற்றி இணைக்கவோ செய்தால் கை திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு; ஓர் ஆண்டு தாண்டிப் போனால் தசையே செத்துவிடும். பைக் விபத்தில் கை தொங்கிப்போன இளைஞர்கள் எங்கள் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

கேரள அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. வலியோடு இருப்பவரைக் கைவிடக் கூடாது என்று இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது உங்கள் மாநிலம். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம் வளர்ந்து, 2008-இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஒரு மாநிலக் கொள்கையானது. பஞ்சாயத்து நர்ஸ் வீடு வீடாகப் போகிறார். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் அதில் பயன் அடைகின்றன. உங்களிடம் ஆளும் இருக்கிறார்கள், அனுபவமும் இருக்கிறது. அந்தக் கவனிப்பை, எழுந்து நடக்கிற ஆனால் வலியோடு நடக்கிறவர்களுக்கும் விரியுங்கள். மிளகு பறிக்க ஏறி மூங்கில் ஏணியிலிருந்து விழுந்த அண்ணன் ஒருவர் உங்கள் பக்கத்து லயத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், இருக்கிறார். இடுப்புக்குக் கீழே ஒரு கால் முழுக்க எரிகிறது என்கிறார். காலையில் எழுந்து கடைக்கு நடந்து போய்விடுவதால் அவர் யாருடைய பதிவேட்டிலும் இல்லை.

நாங்கள் கேட்பது புதுக் கட்டடம் எதுவும் தேவைப்படாத காரியங்கள்தான். கம்பம், போடி, உத்தமபாளையம் அரசு மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாள் வலிக்கென்று ஓ.பி. நடத்துங்கள். மயக்க மருத்துவர்களுக்கு இந்தப் பயிற்சி எளிதாக வரும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு சின்னத் தாள் கொடுங்கள்: பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட சோதனையில் மொத்தமே பத்து விஷயங்கள். எரிச்சல் உண்டா, கரண்ட் அடிப்பது போல் உண்டா, மரத்துப்போகிறதா என்று ஏழைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மூன்றைத் தொட்டும் ஊசி முனையால் குத்தியும் பார்க்கலாம். நான்குக்கு 'ஆம்' வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். தமிழில் அச்சடித்துச் செவிலியர் கையில் கொடுத்தால் சில நிமிட வேலை.

மருத்துவர் ஆரம்பித்துவைத்த மாத்திரையை, பிரஷர் மாத்திரையோடு சேர்த்து வீட்டுக்கே கொண்டுவரச் செய்யுங்கள். மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாத்திரை வாங்க வரிசையில் நிற்க முடியாததால்தான் பாதிப் பேர் நடுவில் நிறுத்துகிறார்கள். வருகிற இயன்முறை மருத்துவருக்குக் கண்ணாடிப் பயிற்சியும் சொல்லிக்கொடுங்கள். தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கண்டுபிடித்தது அது. நல்ல கையைக் கண்ணாடியில் காட்டி அசைத்து, வலிக்கிற கையே நோவில்லாமல் அசைவதாக மூளையை நம்ப வைக்கும் பயிற்சி. கை இழந்தவர்களுக்காக உண்டானது, வேறு சில நரம்பு வலிகளுக்கும் இப்போது பயன்படுகிறது. அதற்கு வேண்டியது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

இரண்டு அரசுகளும் சேர்ந்து செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விபத்தில் அடிபட்டவருக்குக் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில், விரல் அசைகிறதா, உணர்ச்சி இருக்கிறதா, எந்த நரம்பில் சந்தேகம் என்று நான்கு வரி கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சீட்டைக் குமுளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மதிப்போடு ஏற்றுக்கொள்ளுங்கள். டிரமடால் என்ற வலி மாத்திரை 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. அது தேவையான கட்டுப்பாடுதான். ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்து அதை வைத்திருக்கிற கூலிக்காரர் சோதனைச் சாவடியில் குற்றவாளி போல நிற்கக் கூடாது. இரண்டு மாநிலமும் ஏற்கிற ஒரு மருத்துவ அட்டை இருந்தால் அந்தப் பயம் இருக்காது.

அடுத்த சாரல் தொடங்குவதற்குள் கம்பம் அரசு மருத்துவமனையிலாவது அந்த வாராந்திர ஓ.பி.யைத் தொடங்கிவிடுங்கள். என்றைக்கு என்று அறிவித்தால் போதும், விடியற்காலை ஜீப் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து
ஏலத்தோட்டக் கணக்கு எழுதும் ஒரு பெண்