சிவப்புக் கோடு

திருகோணமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நாங்கள் நல்ல சுகம். நீயும் மருமகனும் சுகமாக இருக்க கோணேசரை வேண்டுகிறோம்.

கையால்தான் எழுதுகிறேன். சித்தப்பாவின் பொடியன் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். போனில் தட்டினால் நான் நினைப்பது ஒன்று, அதில் விழுவது வேறொன்று. முந்தி அம்மாவின் மூட்டு வலியை 'மூட்டை வழி' என்று அனுப்பி நீ சிரித்தாயே, அதோடு தட்டுவதை விட்டுவிட்டேன்.

ஏழு ஞாயிறாக உன் அழைப்பு இல்லை. வேலை இருக்கும், விளங்குது. போன புதன்கிழமை அந்தப் படம் வந்தது. மரப்பெட்டி, அதற்குள் வரிசையாக உன்னுடைய சிந்தசைசர் மொடியூல்கள், ஒவ்வொன்றும் பாட்டுக் கருவியின் ஒரு துண்டு, நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு இடைவெளி. கீழே ஒரே ஒரு வரி: 'அப்பா, 20 எச்பி மிச்சம் இருக்கு, எந்த ஃபங்ஷன் ஜெனரேட்டர் போடலாம்?' எச்பி என்பது அந்தப் பெட்டியில் இடத்தின் அகலத்தை அளக்கிற அலகு. நீ கேட்டது அவ்வளவுதான். நான் அதற்குப் பதில் எழுதுகிறேன்.

படம் வெளிச்சமாக, தெளிவாக இருந்தது. பின்னால் தெரிகிற ஜன்னல் புதிது போல.

முதலில் நான் பிழையாக விளங்கிக்கொண்டேன். எங்கள் வேலையில் ஃபங்ஷன் ஜெனரேட்டர் என்றால் மேசையில் இருக்கிற பரிசோதனைப் பெட்டி. சைன், சதுரம், முக்கோணம் என்று அலை தரும். அம்ப்ளிஃபயருக்குள் அதை விட்டு, எந்தக் கட்டத்தில் சத்தம் சாகிறது என்று தேடுவோம். கடையில் இருக்கிற பச்சைப் பெட்டியை உனக்குத் தெரியும், நீதான் அதற்குப் பெயர் வைத்தாய். இதைத் தூக்கி ஏன் பாட்டுப் பெட்டிக்குள் வைக்கப் போகிறாள் என்று இரண்டு நாள் குழம்பினேன். பிறகு பொடியன் வீடியோக்களைப் போட்டுக் காட்டினான், மேத்ஸ் என்கிற மொடியூலின் கையேட்டை மத்திய வீதியில் பிரிண்ட் எடுத்தும் தந்தான். அம்மா அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, முப்பது வருசம் நான் படிப்பித்த பாடத்தை இப்ப பெட்டியில் போட்டு விற்கிறார்களா என்று சிரித்தா. கன நாளைக்குப் பிறகு சிரித்தா.

விசயம் இதுதானே? ஒரு தட்டு, அதாவது ஒரு சின்ன மின்துடிப்பு, வந்தால் வோல்டேஜ் ஏற வேண்டும், உச்சிக்குப் போனதும் தானாகத் திரும்பி இறங்க வேண்டும். ஏற எவ்வளவு நேரம் என்று ஒரு குமிழ், இறங்க எவ்வளவு நேரம் என்று ஒரு குமிழ். அந்த ஏற்ற இறக்கத்தை சத்தத்தைத் திறந்து மூடுகிற மொடியூலுக்குக் கொடுத்தால் சத்தம் அதே மாதிரி எழும்பி அடங்கும். ஏற்றத்தைச் சட்டென்றும் இறக்கத்தை நீளமாகவும் வைத்தால் கோயில் மணி. கோட்டை வாசலில் நின்று கேட்போமே, அடித்த கை எடுத்த பிறகும் போய்க்கொண்டே இருக்குமே, அது.

எனக்குக் கையால் செய்து பார்க்காமல் எதுவும் ஏறாது. 1000 மைக்ரோஃபராட் கொண்டென்சர் ஒன்று, 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, 9 வோல்ட் பற்றரி, பழைய ஊசி மீற்றர். நேற்று இரவு மேசையில் கட்டினேன். வயரைத் தொட்டதும் ஊசி துடித்துக்கொண்டு கிளம்பியது. பத்து வினாடியில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்குக் கிட்டப் போய்விட்டது. அதற்குப் பிறகு நடை தளர்ந்து, கடைசி ஒரு வோல்டுக்கு அசைவதே தெரியாமல் நகர்ந்தது. அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கச் சொல்லும்வரை திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மொடியூல்களில் இந்த வளைவையும் மாற்றக் குமிழ் வைத்திருக்கிறார்கள். நேராகவும் ஏறலாம், முதலில் பதுங்கிப் பிறகு பாயவும் செய்யலாம். இறங்கி முடிந்ததும் திரும்பத் தன்னைத்தானே தட்டிவிடச் சொன்னால் ஓயாமல் ஏறி இறங்கும். வேகத்தைக் கூட்டினால் அந்த ஏற்ற இறக்கமே காதுக்குச் சுரமாகக் கேட்கிறது. மேத்ஸில் ஒரு சுற்றை 25 நிமிசத்துக்கு இழுக்கலாமாம், வினாடிக்கு ஆயிரம் சுற்றும் போகலாமாம். ஒரே சுற்றுக்கு 25 நிமிசம்! கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்க் காலை நனைத்துவிட்டு வரலாம்.

இதற்கெல்லாம் மூத்தவற்றில் ஒன்று 1970களில் கலிபோர்னியாவில் ஷேர்ஜ் செரெப்னின் என்பவர் போட்ட சுற்று. பெரிய விலை கொடுத்து சிந்தசைசர் வாங்க முடியாதவர்கள் தாங்களே செய்துகொள்ளட்டும் என்று நினைத்த மனிதர். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மேத்ஸ் அவருடைய யோசனையையும் புக்லா என்கிற இன்னொரு சிந்தசைசர்காரரின் யோசனையையும் சேர்த்துப் பிசைந்தது. உன் பெட்டியின் அளவுமுறையைப் போட்டவர் ஜேர்மன்காரரான டோப்ஃபர். ஜேர்மன் வானொலி இங்கே மறுஒலிபரப்பு நிலையம் வைத்திருந்த காலத்தில் அவர்களுடைய ஒழுங்கைப் பற்றி ஊரே கதைக்கும், அதனால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இனி உன் கேள்வி. ஒரு எச்பி 5.08 மில்லிமீற்றர். 20 என்றால் பத்து சென்ரிமீற்றரும் கொஞ்சமும். அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன், என் உள்ளங்கை அகலம். மேத்ஸ் சரியாக 20, அச்சொட்டாகப் பொருந்தும். ஆனால் அதில் ஏறி இறங்குகிறவை நாலில் இரண்டுதான். நடுவில் இருக்கிற இரண்டும் வருகிற வோல்டேஜைக் குறைக்க, தலைகீழாகப் புரட்ட, நாலையும் கூட்டிக் கழிக்க. பெயர் அதனால்தான். உன் படத்தைப் பெரிதாக்கி, கடைக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குமிழாக எண்ணினேன். இடது பக்கக் கடைசியில் அந்தக் கூட்டல் கழித்தல் வேலைக்கு ஏற்கெனவே ஒரு மொடியூல் வைத்திருக்கிறாய். அப்படியானால் பாதிக் காசு இரண்டாம் முறை போகிறது. இன்னொன்று, ஏற்றம் முடிந்தது என்று சொல்கிற அவுட்புட் ஒரு பக்கத்தில்தான் உண்டு, சுற்று முடிந்தது என்று சொல்கிறது மற்றப் பக்கத்தில்தான். அது அழகு என்று வீடியோவில் ஒருவர் சொல்கிறார். எனக்கு அது சோம்பல் போலத் தெரிந்தது.

குவாட்ராக்ஸ் என்கிற இன்னொரு மொடியூல் 14 எச்பி, நாலும் ஏறி இறங்கும். உள்ளே கொம்பியூட்டர் சிப்தான் கணக்குப் போடுகிறது, அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஒரே நேரத்தில் நாலு ஐந்து சத்தத்தை எழுப்பி அடக்குகிறவளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடு. நீ முந்தி அனுப்பிய பதிவில் இரண்டு சத்தத்துக்கு மேல் நான் கேட்கவில்லை. டோப்ஃபரில் 8 எச்பியில் தனி ஒன்று இருக்கிறது, ஷேர்ஜின் சுற்றுத்தான். இரண்டு எடுத்தாலும் இடம் மிஞ்சும்.

என்னைக் கேட்டால் ரம்பேஜ். 18 எச்பி, பார்சலோனாக்காரரின் பெஃபாக்கோ கொம்பனி செய்கிற மொடியூல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஏறுகிறது, இறங்குகிறது, முடிந்தது என்று இரண்டு பக்கமுமே சொல்லும். இரண்டில் எது பெரிது எது சிறிது என்று ஒப்பிட்டும் தரும். அதைவிட, அதை உதிரியாகவும் விற்கிறார்கள். சர்க்கிட் போர்டையும் பாகங்களையும் வாங்கி நீயே ஈயம் பற்றவைக்கலாம். காசும் குறையும். காசு பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. இருந்தால் சொல்லு, போன வருசம் போல ஒளிக்காதே.

எதை எடுத்தாலும் இதைக் கவனி: பவர் கேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அந்தக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம். பெட்டியின் பவர் போர்டிலும் பார், மொடியூலின் முதுகிலும் பார், இரண்டிலும் பார்த்துவிட்டுக் குத்து. ஸ்விட்சை நிறுத்தி, பிளக்கையும் கழற்றிவிட்டுக் குத்து. மாறிப் போனால், பாதுகாப்பு டயோட் இல்லாத மொடியூல் என்றால் ஒரு வினாடிகூடத் தாங்காது.

வேறு புதினம். மாமியின் வீட்டு விசயம் ஒருமாதிரி முடிந்தது, அம்மா விவரமாகச் சொல்லுவா. கச்சான் காற்று தொடங்கி கூரைத் தகரம் இரவு முழுக்க அடிக்கிறது. மான்கள் இப்போது எங்கள் ஒழுங்கைக்குள்ளும் வந்து அம்மாவின் செவ்வரத்தையை மொட்டையடித்துவிட்டுப் போகின்றன. உன்னோடு படித்த பிள்ளை துறைமுகத்தில் எஞ்சினியராக வந்திருக்கிறாள், கடைக்கு வந்து உன்னை விசாரித்தாள். பேர்லினில் பெரிய வேலை, தானே பாட்டுக் கருவியும் கட்டுகிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். எப்போது வருவாள் என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு வருசம் ஆகிறது பிள்ளை. கடல் அப்படியே இருக்கிறது, நாங்கள்தான் அப்படியே இல்லை.

சிவப்புக் கோடு. மறக்காதே. அவசரத்தில் குத்தாதே.

இதை மூன்றாம் தரம் எழுதப் போய்த்தான் பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். எனக்கு இதில் ஏன் இவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இத்தனை வருசம் இருந்திருக்கிறாய்.

லவுட்ஸ்பீக்கர்காரரின் அம்ப்ளிஃபயர். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கரன்ட் இல்லை, மறுநாள் திருவிழா, ஊரடங்குக்கு முதல் அவர் வந்து எடுக்க வேண்டும். நீ ரோச் பிடித்தாய். கை நடுங்காமல் பிடிப்பாய், பெரிய ஆட்களே அப்படிப் பிடிக்க மாட்டார்கள். நான் கார் பற்றரியை இழுத்து வைத்து வயரைக் கொழுவினேன். சிவப்பைக் கறுப்பில் கொழுவினேன். நான்தான். ரோச் வெளிச்சம் நேரே என் விரலில் இருந்தது. டப் என்று ஒரு சத்தம், பிறகு அந்த மணம். இரண்டு 2என்3055 டிரான்சிஸ்டரும் போய்விட்டன. ஊரில் அப்போது அதைத் தேடி எடுக்கக் கிழமைக்கணக்காகும்.

அவர் வாசலில் வந்து நின்று கத்தினபோது நான் சொன்னேன், 'பிள்ளை தெரியாமல் கையை வைத்துவிட்டாள்' என்று. ஐம்பது வயதுக்காரர் ஒரு சின்னப் பிள்ளையோடு சண்டைக்குப் போக மாட்டார், என்னுடைய கைராசியும் கெடாது என்று கணக்குப் போட்டேன். அவர் உன்னைப் பார்த்து என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன். நீ என்னைப் பார்த்தாய். ரோச்சை அணைத்தாய், மேசையில் வைத்தாய், வீட்டுக்குள் போனாய். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து சோல்டரிங் அயனைத் தொடவில்லை. படிப்பு கூடிவிட்டது என்று நானே எல்லாருக்கும் காரணம் சொன்னேன். உன் பெட்டியில் ரெடிமேட் மொடியூல்கள் மட்டுமே இருப்பதை நான் படம் பார்த்த உடனேயே கவனித்தேன்.

அன்றைக்கு நீ வாய் திறந்து, 'இல்லை, அப்பாதான்' என்று சொல்லியிருந்தால் உன்னை அடித்திருப்பேனோ என்னவோ. சொல்லாமல் இருந்ததற்கு வீடு முழுக்க உன்னை நல்ல பிள்ளை என்றது, நானும் சொன்னேன். தன் பிழை இல்லாத ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போகிற பழக்கத்தை என் கடையில்தான் எடுத்தாய். இத்தனை ஞாயிறாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பேர்லினில் எது எரிந்திருந்தாலும், யார் வயரை மாற்றிக் கொழுவியிருந்தாலும், நீதான் கையை வைத்தாய் என்று இனி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். கேட்கவும் மாட்டேன். அம்மாவிடம் இந்தக் கதையை நேற்றுத்தான் சொன்னேன். என்னோடு இன்னும் கதைக்கவில்லை.

ரம்பேஜை உதிரியாக எடு. பற்றவைக்கும்போது கூப்பிடு, போனைச் சாய்த்து வைத்தால் போதும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அயன் முனையை ஈரத் துணியில் துடைத்துத் துடைத்துப் பிடி. உங்கள் நேரத்துக்கு இங்கே மூன்றரை மணித்தியாலம் முன்னுக்கு, அதைப் பார்க்காதே, எத்தனை மணி என்றாலும் முழிப்பாகத்தான் இருக்கிறேன். முதல் முறை பவர் கொடுக்க முன் கேபிளைப் படம் எடுத்து அனுப்பு. நான் சரி என்று சொன்ன பிறகு ஸ்விட்சைப் போடு. எரிந்தால் நான் சரி என்று சொன்னதால் எரிந்தது.

அம்மா ஒரு பார்சல் கட்டி வைத்திருக்கிறா. பாரைக் கருவாடு, மிளகாய்த்தூள், எள்ளுருண்டை. முந்தைய விலாசத்துக்கா, வேறு விலாசத்துக்கா என்று தெரியாமல் மேலே ஒன்றும் எழுதாமல் மேசையில் இருக்கிறது. வீட்டு நம்பரையும் வீதியையும் மட்டும் அனுப்பு. வேறொன்றும் எழுத வேண்டாம்.

அப்பா