பேத்தியின் கச்சேரிக்கு இடம்

காரைக்குடி

அன்புள்ள நாச்சியப்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் முதல் வீணைக் கச்சேரியை ஈப்போவில் வைக்காமல் நம்மூரில் வைக்க ஆசைப்படுகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதை வீட்டில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவ்வளவு சந்தோஷம்! ஆனால் ஏசி மண்டபம் பார்த்து வை என்கிறாய் பார், அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

கல்யாண மண்டபத்துக்கு இங்கே பஞ்சமில்லை. சமீபத்தில் ஒன்றில் பாட்டுக் கச்சேரி கேட்டேன். தரையும் சுவரும் வழவழவென்று டைல்ஸ். ஒரு ஸ்வரம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த ஸ்வரத்தின் மேல் விழுகிறது. அந்த அம்மாள் கீழ்ஸ்தாயியில் இழைத்துப் பாடும்போது சமையல்கட்டில் அண்டா உருளுகிறது. மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் பந்திக்கு எழுந்துவிட்டார்கள். மீட்டிய பிறகு தந்தியை இழுத்து எழுப்பும் கமகம் அங்கே யார் காதில் விழும்?

காரைக்குடி சகோதரர்கள் என்று பெயர்பெற்ற சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வீணையோடு இந்த ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டு போனவர்கள். அண்ணன் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பாராம். தம்பி 1952இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது வாங்கினார். அப்படிப்பட்ட ஊரில் பேத்தி வாசிக்கும்போது வீணையின் சொந்தக் குரல் கேட்க வேண்டாமா?

சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் திருநாளுக்கு நாம் முண்டியடித்துப் போனது நினைவிருக்கிறதா? குறித்த மணிக்குத் தொடங்கிவிடுவார்கள். கம்பன் மணிமண்டபம் பேச்சுக்கு அருமையான இடம். ஆனால் வீணைக்குச் சின்னக் கூடமாக இருந்தால்தான் ஒட்டும். கானாடுகாத்தானில் பிறந்த ராஜா அண்ணாமலைச் செட்டியார் பெயரில் சென்னையில் இசை மன்றமே நிற்கிறது. இங்கேயும் முந்நூறு பேர் உட்காரும்படி, இசைக்கென்றே, கட்டுபடியாகும் வாடகையில் ஓர் அரங்கு வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒத்திகைக்கு ஓர் அறையும் இருந்தால் பிள்ளைகள் தினமும் வருவார்கள்.

அதுவரைக்கும் உன் வீட்டு வளவு, அந்த உள்முற்றம், இருக்கிறதே! பூட்டியே கிடக்கிறது. நடுவாசல் திறந்திருப்பதால் ஓசை தேங்காமல் மேலே போய்விடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஜமக்காளத்தை இரட்டையாக விரித்து நெருக்கமாக உட்கார்ந்தால் எதிரொலி நன்றாகக் குறையும். மைக்கே வேண்டாம். மிருதங்கக்காரரிடம் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லலாம். வெயில் இறங்கியபின் தொடங்குவோம். வீணையின் மெட்டுகள், அதாவது தந்திக்குக் கீழே வரிசையாக இருக்கும் உலோகக் கட்டைகள், மெழுகில் பதிந்தவை, சூடு பட்டால் இளகிவிடும். கப்பலிலோ விமானத்திலோ கொண்டுவந்தாலும் ஒரு வாரம் முன்னதாகவே இங்கே வந்து சேரட்டும், நம்மூர்க் காற்றுக்குச் சுருதி நிற்க வேண்டும்.

பங்காளிகள் எல்லாரிடமும் நீயே போனில் பேசிவிடு, சாவி பெரியவர் வீட்டில்தான் இருக்கிறது. அவர்கள் சரியென்றால் ஆள் வைத்துத் தூசி தட்டி, கதவுக்கு எண்ணெய் போட நான் பார்த்துக்கொள்கிறேன். மார்கழி விடுமுறையில் எந்தத் தேதி ஆகும் என்று பேத்தியைக் கேட்டு உடனே எழுது.

அன்புடன்,
இராமநாதன்