எங்களை நர்ஸ் ஆக்குன எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷ பி.எஸ்சி நர்சிங் முடிஞ்சு, நர்ஸா வேலை பாக்க நர்சிங் கவுன்சில்ல பதியற ரெஜிஸ்ட்ரேஷனும் கைக்கு வந்துருச்சு. ஊர்ல எல்லாரும் என்னை தான் பாராட்டுறாங்க, எங்க தெருல முதல் நர்ஸ்னு அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காரு, ஆனா என்னை இது வரைக்கும் இழுத்துட்டு வந்தவங்க யார் யாருன்னு எனக்கு தெரியும்ல, அவங்களுக்கு நாலு பேர் பாக்குற மாதிரி நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. பேர் போட வேணாம்னு சில பேர் சொல்லிட்டாங்க, அதனால யார் பேரும் போடல. படிக்கும்போது இது நம்மள தான் சொல்றான்னு அவங்கவங்களுக்கே புரிஞ்சுடும்.

முதல்ல ஹாஸ்டல் ரூம் அக்கா. நான் புதுக்கோட்டை பக்கம் ஒரு அரசு பள்ளில பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். அனாட்டமி புக்கை தொறந்தா ஒரு பக்கம் முடிக்க ஒரு ராத்திரி ஆகும், க்ளாஸ்ல மேடம் கேள்வி கேட்டா பதில் தெரிஞ்சாலும் இங்கிலீஷ்ல சொல்ல வராது. அக்கா அப்போ மூணாவது வருஷம். அவங்க என்னை உக்கார வச்சு சொன்னது, புக்கை முதல் பக்கத்துல இருந்து படிக்காத, இன்னைக்கு வார்டுல எந்த பேஷன்ட்ட பாத்தியோ அவங்க வியாதிய இன்னைக்கு நைட்டே தேடி படி, முகம் ஞாபகம் இருக்கும்போது பாடமும் ஞாபகம் இருக்கும்னு. அது அப்படியே வேலை செஞ்சுது. மூச்சு முட்டி உக்காந்தே தூங்குன ஒரு தாத்தாவ பாத்த அன்னைக்கு தான் ஹார்ட் ஃபெய்லியர்னா என்ன, நுரையீரல்ல ஏன் தண்ணி கோக்குது, ஏன் தலையணை ஒசத்தி வைக்கிறோம்னு எனக்கு முழுசா புரிஞ்சுது. இன்னைக்கும் அந்த பாடம் மறக்கல.

கேர் பிளான் எழுத கத்து குடுத்ததும் அவங்க தான். எங்க செட்ல பாதி பேருக்கு மேல அதுல தான் தடுமாறுனோம். நிமோனியான்னு எழுதறது டாக்டரோட வேலை, அந்த நிமோனியாவால இந்த மனுஷனால எது முடியலையோ அதை எழுதறது நம்ம வேலை, சளிய வெளிய தள்ள முடியல, படுத்தா மூச்சு வாங்குது, ராத்திரி தூக்கமே இல்ல, பயமா இருக்குன்னு சொல்றாரு, இதெல்லாம் தான் நர்சிங் டயக்னோசிஸ், இதுக்கு நீ என்ன செய்யப் போற, செஞ்சதுக்கு அப்புறம் என்ன ஆச்சு, அவ்வளவு தான்டி கேர் பிளான்னு சொன்னாங்க. பரீட்சைலயும் இதே தான், எஸ்ஸே எழுதும்போது காரணம், அறிகுறி, ட்ரீட்மென்ட் எல்லாம் பக்கம் பக்கமா எழுதிட்டு நர்சிங் மேனேஜ்மென்ட்ட ரெண்டு வரில முடிச்சுடாத, பேப்பர் திருத்தறவங்க அதை தான் தேடுவாங்கன்னு. தியரில 50 சதவீதம், பிராக்டிகல்ல 50 சதவீதம், தனித்தனியா எடுத்தா தான் பாஸ், ஒண்ணுல கூட எடுத்து இன்னொண்ணுல சரி கட்ட முடியாதுன்னு முதல் வருஷமே சொல்லி வச்சதுக்கும் நன்றிக்கா.

நரம்புல ஏத்தற ட்ரிப்போட சொட்டு கணக்கு சொல்லி குடுத்த நாகர்கோவில் அக்காவுக்கு தனியா ஒரு நன்றி. எங்க பேட்ச்ல கணக்குனாலே பயம், ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணிட்டு வார்டுக்கு போனா எல்லாம் மறந்துடும். அவங்க ஐவி செட், அதாவது ட்ரிப் ட்யூபோட கவரை கைல குடுத்து அதுல 1 மில்லிக்கு எத்தனை சொட்டுன்னு போட்டுருக்கறத முதல்ல படிக்க சொன்னாங்க. 500 மில்லி, 4 மணி நேரத்துல போகணும், செட்ல 1 மில்லிக்கு 20 சொட்டுன்னா மொத்தம் 10,000 சொட்டு, 4 மணி நேரம்னா 240 நிமிஷம், வகுத்தா நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 42 சொட்டு. குழந்தைங்க வார்டுல போடற மைக்ரோ செட்ல 1 மில்லிக்கு 60 சொட்டு, அதனால மணிக்கு எத்தனை மில்லியோ நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு, கணக்கே போட வேணாம். இன்சுலின் சிரிஞ்ச் பத்தி அவங்க சொன்னத நான் இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள சொல்லிட்டு தான் மருந்தே எடுக்கறேன், 1 மில்லில 40 யூனிட் இருக்கற பாட்டிலுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் இருக்கறதுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச், மாத்தி எடுத்தா பேஷன்ட்டுக்கு சுகர் இறங்கிடும் இல்லன்னா ஏறிடும். பொட்டாசியம் குளோரைடை எக்காரணம் கொண்டும் நேரா நரம்புல போடக் கூடாது, கலந்து மெதுவா தான் போகணும், யார் அவசரப்படுத்துனாலும் இதுல மட்டும் அசையாதன்னு சொன்னாங்க. இப்போ அந்த ஆம்பூல கையில எடுத்தாலே அவங்க குரல் தான் கேக்குது.

உடம்பை பாத்துக்க சொல்லி குடுத்தவங்க வேற. எங்களுக்கு பேஷன்ட்டோட எச்பி, அதாவது ரத்தத்துல ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு தெரியும், எங்க எச்பி எவ்வளவுன்னு தெரியாது. ரெண்டாவது வருஷத்துல எங்க செட்ல ஒருத்தி ஆபரேஷன் தியேட்டர்ல நின்னுட்டு இருக்கும்போதே மயங்கி விழுந்தா. அப்போ அந்த டிபார்ட்மென்ட் சிஸ்டர் எங்க எல்லாரையும் லேபுக்கு அனுப்பி டெஸ்ட் எடுக்க வச்சாங்க, பாத்தா 12க்கு மேல இருந்தவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். காலைல மெஸ்ல ரெண்டு வாய் கூட வைக்காம பஸ் பிடிக்க ஓடுவோம், அதுக்கு மேல டீ. இரும்பு சத்து மாத்திரை போட்டுட்டு டீயோ பாலோ குடிச்சா உடம்புல ஒட்டாது, எலுமிச்சை ஜூஸ் இல்லன்னா நெல்லிக்காயோட போடு, கருப்பா போகும் பயப்படாத, பூச்சி மாத்திரை போட்டியான்னு அந்த சிஸ்டர் ஒவ்வொருத்தியையும் கேட்டாங்க. அவங்க எங்க காலேஜ் ஆளே இல்ல, அது அவங்க வேலையும் இல்ல. ட்யூட்டில பாத்ரூம் போக வழி இல்லன்னு தண்ணியே குடிக்காம இருந்து யூரின் இன்ஃபெக்ஷன் வந்தவங்க எங்கள்ல நிறைய பேர், அதுக்கும் அவங்களே ஸ்டாஃப் பாத்ரூம் சாவி எங்க இருக்கும்னு காட்டி குடுத்தாங்க. பீரியட்ஸ் நாள்ல எங்கள உக்காந்து செய்யற வேலைல போடுவாங்க, காரணமும் கேக்க மாட்டாங்க. சிஸ்டர், நீங்க இதை படிப்பீங்களான்னு தெரியல, உங்கள நாங்க மறக்கல.

என் கூட படிச்ச ஒருத்திக்கு பேஷன்ட்டுக்கு போட்ட ஊசி விரல்ல குத்துன அன்னைக்கு நடந்தத சொல்லியே ஆகணும். யாருக்கும் தெரிஞ்சா திட்டுவாங்கன்னு அவ விரலை துணில சுத்தி மறைச்சுட்டு அழுதுட்டு இருந்தா. இன்டர்ன்ஷிப்ல இருந்த சீனியர் அக்கா பாத்துட்டாங்க. அவங்க ஒரு வார்த்தை திட்டல. பிதுக்காத, வாயில வைக்காத, சோப்பு போட்டு ஓடற தண்ணில கழுவுன்னு சொல்லிட்டு நேரா கேஷுவால்ட்டிக்கு கூட்டிட்டு போனாங்க. எச்ஐவி தடுப்பு மருந்து சீக்கிரம் ஆரம்பிக்கணும், முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லது, 72 மணி நேரம் தாண்டுனா பிரயோஜனம் இல்ல, ஆரம்பிச்சா 28 நாள் போடணும். பேஷன்ட்டோட ரத்தத்த டெஸ்ட் பண்ணி நெகட்டிவ்னு வந்ததுனால டாக்டர் நிறுத்திட்டாங்க. ஹெபடைடிஸ் பி ஊசி மூணு டோஸும், அதாவது முதல் நாள், ஒரு மாசம், ஆறு மாசம், முடிக்காதவங்க யார் யாருன்னு அன்னைக்கு சாயங்காலமே லிஸ்ட் எடுத்து எங்கள கூட்டிட்டு போய் போட வச்சாங்க. மறைக்கறது தான் ஆபத்துன்னு எங்க பேட்சுக்கே அன்னைக்கு தான் உறைச்சுது.

இப்போ வீட்டு விஷயம். இதை எழுதலாமான்னு அம்மா கிட்ட கேட்டேன், எழுதுமா, நாலு பொம்பளைங்களுக்கு உதவட்டும்னு சொல்லிட்டாங்க.

எங்க அம்மாவுக்கு ரொம்ப மாசமா உதிரப்போக்கு. வெளிய சொல்லல. நான் லீவுக்கு போகும்போது முகம் வெளிறி இருக்கும், மாடிப்படி ஏறுனா நின்னு நின்னு மூச்சு வாங்குவாங்க, கேட்டா வேலை ஜாஸ்திடின்னு சொல்லிடுவாங்க. ஹாஸ்டல்ல இதை சொல்லி புலம்புனப்போ எங்க கூட படிச்ச கல்யாணமான ஒரு அக்கா, குழந்தைய அவங்க அம்மா கிட்ட விட்டுட்டு படிக்க வந்தவங்க, அவங்க தான் சொன்னாங்க, உடம்புக்கு என்னன்னு கேட்டா எந்த அம்மாவும் ஒண்ணும் இல்லன்னு தான் சொல்லும், நீ அப்படி கேக்காத, ஒரு நாளைக்கு எத்தனை துணி மாத்துறீங்க, கட்டி கட்டியா போகுதா, ராத்திரி எந்திரிச்சு மாத்த வேண்டி இருக்கா, எத்தனை நாள் நிக்காம போகுதுன்னு கேளு, தம்பி அப்பா யாரும் இல்லாத நேரமா பாத்து கேளுன்னு. அப்படியே கேட்டேன். அம்மா அன்னைக்கு தான் வாய தொறந்தாங்க. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்தா கர்ப்பப்பைல பெரிய ஃபைப்ராய்டு கட்டி, எச்பி 6 கிட்ட தான் இருந்துச்சு. ரத்தம் ஏத்தாம ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்க. எங்க வகுப்புல படிச்ச பசங்க ரெண்டு பேரு, அவங்க ஊருக்கு கிளம்பி பஸ் ஸ்டாண்டுல நின்னவங்க, போன் பண்ணதும் திரும்பி வந்து ரத்தம் குடுத்தாங்க. எனக்கு எச்பி பத்தலைன்னு ப்ளட் பேங்க்ல எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க, குறைஞ்சது 12.5 வேணும். நான் அங்க நின்னு அழுதப்போ, உங்க அம்மா எங்களுக்கும் தான் முறுக்கு சுட்டு குடுத்து விட்டாங்கன்னு சொன்னீங்கல்ல தம்பிகளா, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அந்த நேரத்துல அட்டெண்டன்ஸ் பயம் வேற. தியரிக்கு 80 சதவீதம் இருந்தா போதும், ஆனா டிகிரி கைக்கு வரணும்னா கிளினிக்கல் போஸ்டிங் 100 சதவீதம் முடிச்சுருக்கணும், விட்ட நாளை பின்னாடி ஈடு கட்டியே ஆகணும். மேடம் கிட்ட ஒளிச்சு மறைக்காம நேரா போய் சொல்லு, லெட்டர் எழுதி குடு, எந்த வார்டுல எத்தனை நாள் பாக்கின்னு நோட்ல குறிச்சுக்கோன்னு ரூம் அக்கா சொன்ன மாதிரியே செஞ்சேன். லீவ்ல மத்தவங்க ஊருக்கு போனப்போ நான் வார்டுல நின்னு முடிச்சேன். எனக்கு துணையா ஊருக்கு போகாம தங்குனவளுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

கல்யாண பேச்சு வந்தப்போவும் அந்த கல்யாணமான அக்கா தான். மூணாவது வருஷத்துல சித்தப்பா ஒரு வரன் கொண்டு வந்தாரு, நர்ஸ் வேலைனா நைட் ட்யூட்டி, அது எதுக்கு பொண்ணுக்குன்னு பேச்சு வேற. நான் சண்டை போட தயாரா இருந்தேன். அக்கா சொன்னாங்க, மாட்டேன்னு மட்டும் சொன்னா பிடிவாதம்னு நினைப்பாங்க, படிப்பு முடியணும், கவுன்சில்ல பதியணும், ஒரு வருஷம் வேலை பாக்கணும், அரசு நர்ஸ் வேலைக்கு எம்ஆர்பி பரீட்சை எழுதணும்னு வரிசையா சொல்லு, சபைல சொல்லாத, அப்பாவ தனியா பிடிச்சு சொல்லு, முடிஞ்சா ஒரு தடவை நீ வேலை செய்யற இடத்த அவர் கண்ணால பாக்கட்டும்னு. அம்மா ஆபரேஷனுக்கு அப்பா கூட இருந்தாருல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வார்டு ஸ்டாஃப் ஒரே ஆளா நாப்பது பேஷன்ட்ட பாத்துட்டு இருந்தத அவரே பாத்தாரு. சித்தப்பா கிட்ட அவரே பேசிட்டாரு. நான் பேசவே வேண்டி வரல.

காசு விஷயமும் சொல்லணும். அரசு பள்ளில ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபாய் தர்ற புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்க. அதுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு சொல்லி ஆபீஸ்க்கும் கூடவே வந்த ஜூனியர் தங்கச்சிக்கு நன்றி. ரெக்கார்ட் நோட்டு, பஸ், நாப்கின் எல்லாம் அதுல தான் ஓடுச்சு.

மெடிக்கல் வார்டு சிஸ்டர் ஒருத்தங்கள பத்தி சொல்லாம இந்த மடல் முடியாது. நான் பாத்துக்கிட்ட பேஷன்ட் முதல் தடவையா இறந்தப்போ அவங்க தான் ட்யூட்டி. காலைல என் கையால கஞ்சி குடிச்ச பாட்டி. நான் ஓரமா நின்னு நடுங்கிட்டு இருந்தேன். சிஸ்டர் என்னை வெளிய அனுப்பல, பக்கத்துல கூப்பிட்டு, பாட்டி, முகம் துடைக்கிறோம், பாட்டி, கைய நேரா வைக்கிறோம்னு உயிரோட இருக்கற ஆள் கிட்ட பேசுற மாதிரியே பேசி எல்லாம் செஞ்சாங்க. கண்ணை மூடி, தாடைய கட்டி, ட்யூப் எடுத்து, சுத்தமான துணி போட்டு, சொந்தக்காரங்க உள்ள வரும்போது பாட்டி தூங்குற மாதிரி இருந்தாங்க. முடிச்சதும் என்னை டீ குடிக்க வச்சு, இன்னைக்கு தனியா படுக்காத, யார் கிட்டயாவது பேசு, தூக்கம் வராம ரொம்ப நாள் போச்சுன்னா மனநல உதவி நம்பர் 14416க்கு போன் பண்ணு, அது நமக்கும் தான்னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எங்க ரூம்ல யாரும் தூங்கல, ஒவ்வொருத்தியும் அவ பாத்த முதல் சாவ பத்தி பேசுனா. யாரும் இதுக்கெல்லாம் பழகிடும்னு சொல்லல. அது எனக்கு ரொம்ப பெருசு.

ஆயாம்மாக்கள், பெட்ஷீட் மாத்த கத்து குடுத்த வார்டு பாய் அண்ணன், நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்தா இட்லி எடுத்து வச்ச மெஸ் அக்கா, கம்யூனிட்டி போஸ்டிங்ல வீடு வீடா எங்கள கூட்டிட்டு போன கிராம சுகாதார செவிலியர் அக்கா, எல்லாருக்கும் நன்றி. முழு பேரையும் எழுதுனா இன்னும் நாலு பக்கம் போகும்.

ஜூனியர்ஸ்க்கு ஒண்ணு. என்னோட ட்ரக் புக், மிட்வைஃபரி கேஸ் ரெக்கார்டு, ட்ரிப் கணக்கு நோட்டு மூணும் எங்க பழைய ரூம்லயே விட்டுட்டு வந்துருக்கேன், கேட்டு வாங்கிக்கோங்க. வீட்டு விஷயமோ உடம்பு விஷயமோ எதுனாலும் என் நம்பர் ரூம் தங்கச்சி கிட்ட இருக்கு, நைட் ட்யூட்டில இருந்தா மட்டும் உடனே எடுக்க மாட்டேன், காலைல நானே கூப்பிடறேன்.