கேட்க வந்தவளைக் கேட்க விடுங்கள்

சென்னையில் விலையுயர்ந்த ஒலிக்கருவிகள் விற்கும் கடை உரிமையாளர்களுக்கும், அங்கே வேலை செய்யும் தம்பிகளுக்கும்,

வணக்கம். கடந்த ஐந்து மாதங்களில் உங்களில் ஆறு பேருடைய கடைகளுக்கு வந்துபோனவள் நான். வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஒன்பது வயதிலிருந்து வீணை பழகுகிறேன். முதல் குரு என் அம்மா. 1986-ல் அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்ததையெல்லாம் அப்பா டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்தார். பதினொரு கேசட்டுகள். அம்மா இப்போது இல்லை. கேசட்டுகளில் பூஞ்சை பிடிப்பதற்குள் அவற்றைப் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டேன். அதை நல்லபடியாகக் கேட்க ஒரு ஜோடி ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் வேண்டும். அதற்காக பி.எஃப். பணத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தேன்.

முதல் கடையில் கண்ணாடிக் கதவைத் திறந்ததுமே "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்றார்கள். என் கணவரிடம். அவர் துணைக்கு வந்தவர். "இவங்கதான் வாங்கறாங்க, இவங்ககிட்டயே பேசுங்க" என்று அவர் சொன்ன பிறகும், நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் அவர் முகத்தைப் பார்த்தே வந்தது. ஆம்ப்ளிஃபையரின் வாட் கணக்கைப் பற்றிக் கேட்டேன். "அது கொஞ்சம் டெக்னிக்கல் மேடம்" என்றார் அந்தத் தம்பி. ஒரு வாட் மின்சக்தி கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் அளவுக்குச் சத்தமாக ஒலிக்கும் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு நூறு வாட் போதாது என்று என் கணவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் வீணை கேட்கும் அளவுக்கு அந்த அறையில் சில வாட்டே தாராளம். அது எனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்துப் பேசியிருந்தால் அவருக்கும் சொல்லியிருப்பேன்.

இன்னொரு கடையில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றி ஒலிக்க விட்டார்கள். இரண்டாவது ஜோடி விலை இரு மடங்கு. ஒலியும் அதில் கூடுதலாக இருந்தது. சற்றே கூடுதலாக ஒலிப்பதைக் காது நல்லது என்றே எடுத்துக்கொள்ளும், ஒரு டெசிபல் வித்தியாசம்கூட அதற்குப் போதும். அதுவும் தாழ்ந்த ஒலி அளவில் கீழ்ச்சுரங்கள் நம் காதுக்கு மங்கிப்போகும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு விஞ்ஞானிகள் இதை அளந்து 1933-லேயே வெளியிட்டார்கள். ஆகவே இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொன்னேன். செல்போனில் அளந்து சரிசெய்ய இரண்டு நிமிடம் ஆகாது. "கஸ்டமர் யாரும் இப்படிக் கேட்டதில்லை மேடம்" என்றார்கள். கேட்காததால் எத்தனை பேர் இரு மடங்கு கொடுத்துவிட்டுப் போனார்களோ என்று அன்று இரவெல்லாம் மனசு ஆறவில்லை.

என்னை மிகவும் வருத்தியது பென் டிரைவ் விஷயம்தான். மூன்று கடைகளில் அதைப் போட மறுத்தார்கள். "பழைய ரெக்கார்டிங் மேடம், இதுல சிஸ்டத்தோட தரம் தெரியாது" என்றார்கள். அவர்கள் போட்டது ஆங்கிலப் பாட்டு, கிதார், டிரம்ஸ். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் வாழ்நாளில் நேரில் கேட்டிராத ஒலியை வைத்து ஒரு கருவி மெய்யாக ஒலிக்கிறதா என்று எப்படிச் சொல்வேன்? வீணையின் ஒலி எனக்குத் தெரியும். ஒரே மீட்டில் விரல் தந்தியை இழுத்து இழுத்து மூன்று சுரம் பேசுவது, நகம் படும் ஓசை, தாளத் தந்திகளின் கிணுகிணுப்பு, எல்லாம் தெரியும்.

வீணையைச் சாதாரணச் சோதனையாக நினைக்காதீர்கள். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அங்கே கணு (தந்தி அசையாமல் நிற்கும் புள்ளி) விழும் மேற்சுரங்கள், அதாவது மூலச் சுரத்தோடு கூடவே எழும் மெல்லிய உயர்சுரங்கள், ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை வலுவாகவே எழுகின்றன என்று சி. வி. ராமன் 1921-ல் எழுதினார். கூர்முனையில் நிற்காமல், தந்தியைத் தாங்கும் குதிரை என்ற பாகம் அகலமாக லேசாக வளைந்திருக்க, அதன் மேல் தந்தி தழுவிக் கிடப்பதே அதற்குக் காரணம் என்றார். அந்த மேற்சுரங்களைக் குழப்பாமல் தருகிற ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். கேசட்டின் இரைச்சலையும் தாண்டி அது காதுக்குத் தெரியும். பழைய பதிவு என்று ஒதுக்காதீர்கள். என்னைப் போன்றவர்கள் உங்கள் கடைக்கு வருவதே அந்தப் பழைய பதிவுகளுக்காகத்தான்.

விலைச்சீட்டு ஐந்து கடைகளில் இல்லை. ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் காது எதையும் கேட்காது. ஒரு கடையில் பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பில் தராதது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. மூன்று லட்ச ரூபாய்ப் பொருளைப் பில் இல்லாமல் வாங்கி, பழுதானால் நான் யாரிடம் போய் நிற்பேன்?

கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தடி ஸ்பீக்கர் கேபிளுக்கு ஒரு கடையில் கேட்ட விலையில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் பத்தடிக்குப் போட்டால், போக வர மொத்த மின்தடை ஏறக்குறைய 0.04 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். அதற்கு முன் இந்தக் கம்பியின் தடை ஒன்றுமே இல்லை. ஆனால் என் அறையின் பன்னிரண்டு அடி நீளம் 47 ஹெர்ட்ஸை ஒட்டிய மிகத் தாழ்ந்த ஒலியைப் பிடித்துவைத்து அதிரும். மொசைக் தரையும் வெறும் சுவரும் உயர்ந்த ஒலிகளை எதிரொலிக்கும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைப்பதும், தரையில் கனமான விரிப்பு போடுவதும் காதுக்குத் தெரிகிற மாற்றம் தரும். கேபிளைப் பற்றி அரை மணி நேரம் பேசியவர் என் அறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. ஆறாவது கடை, மாடிப்படி ஏறிப் போகிற சின்னக் கடை. அங்கிருந்த தம்பி ஒரு தாளை நீட்டி, "அறையை வரைஞ்சு காட்டுங்கம்மா, ஜன்னல் எங்க இருக்கு?" என்றார். பென் டிரைவை வாங்கிப் போட்டார். ஏசியை அணைத்தார். "நான் வெளியில இருக்கேன், நிதானமா கேளுங்க" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். நாலாவது கேசட். கல்யாணி ஆலாபனை. நடுவில் அம்மா வாசிப்பை நிறுத்தி, "அடுப்பை அணைச்சியா?" என்று கேட்கிறாள். எத்தனையோ முறை கேட்ட பதிவுதான். ஆனால் அதற்குப் பதிலாகப் பின்கட்டிலிருந்து "அணைச்சுட்டேம்மா" என்று ஒரு சிறு குரல் வருவதை அன்றுதான் கேட்டேன். என் தங்கையின் குரல்.

அந்தத் தம்பி காட்டியது கடையிலேயே விலை குறைந்த ஜோடி. விலைச்சீட்டு அதன் மேலேயே ஒட்டியிருந்தது. எனக்கு அது போதும் என்று அவரே சொன்னார். பில்லோடு வாங்கிவந்தேன்.

தங்கை கோயம்புத்தூரில் இருக்கிறாள். வீட்டில் வந்து கேட்டதிலிருந்து தனக்கும் ஒரு ஜோடி வேண்டும் என்கிறாள். அவள் அறை பெரியது, வேறு ஸ்பீக்கர் தேவைப்படும். அடுத்த மாதம் அவளோடு உங்கள் எல்லாருடைய கடைகளுக்கும் மறுபடி வருவேன். பென் டிரைவ் அவள் கைப்பையில் இருக்கும். நாலாவது கேசட்டைப் போடுங்கள். அவளுக்கு அவள் குரல் கேட்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு வீணை மாணவி
மயிலாப்பூர்