தம்பி, அம்மாவை உட்கார வைக்கச் சொல்லாதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு தூக்கமே வரவில்லை. "பீடி, சிகரெட்டைக் கையால தொடாத அம்மாவுக்கு எப்படிக்கா இந்த வியாதி வரும்? டாக்டர் தப்பாச் சொல்றாரு" என்று கத்தினாய். பேச்சில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டில் இருப்பது சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஸ்பைரோமெட்ரி என்று ஒரு பரிசோதனை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ஒரு குழாயில் முழுவதையும் வேகமாக ஊத வேண்டும். ஊதிய மொத்தக் காற்றில் 70 சதவீதமாவது முதல் நொடியில் வெளியே வர வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அம்மாவுக்கு 54தான் வந்தது. அவள் வயதுக்கும் உயரத்துக்கும் முதல் நொடியில் வர வேண்டிய அளவில் 43 சதவீதம். இதைக் கடுமையான நிலை என்கிறார்கள்.

"பீடி குடிக்கிற பழக்கம் உண்டாம்மா?" என்று டாக்டர் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்து, "எத்தனை வருஷம் விறகடுப்புல சமைச்சீங்க?" என்றார். சிரிப்பு நின்றுபோய் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். இரண்டு கை போதவில்லை.

பழைய வீட்டு அடுப்படி ஞாபகம் இருக்கிறதா? ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு, அதுவும் கரி அப்பிக் கறுத்துப் போயிருக்கும். மழைக்காலத்தில் ஈரப் பருத்திமார் புகைந்தால் நாம் இரண்டு பேரும் தெருவுக்கு ஓடிவிடுவோம். அவள் குனிந்து ஊதாங்குழலை ஊதிக்கொண்டே இருப்பாள். சிலிண்டர் வந்த பிறகும் அது காபிக்கு மட்டும்தான். சோறும் வெந்நீரும் கொல்லையில் விறகில்தான் என்று நமக்குத் தெரியாதா? புகைபிடிக்காத பெண்களுக்கு நம் ஊர்ப்பக்கம் இந்த நோய் வர அடுப்புப் புகை பெரிய காரணம்.

மூன்று வருஷமாக இருமல் டானிக் மாற்றி மாற்றி வாங்கிக் கொடுத்தவள் நான். மாடிப்படியில் அவள் நின்று நின்று ஏறியபோது, "வயசாயிருச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னதும் நான்தான். அலர்ஜி மாத்திரையே கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்துத் தெரு டாக்டரை நீ திட்டுகிறாய். திட்டு. ஆனால் கூடவே இருந்தவள் நான்.

ஆக்சிஜன் மெஷின் அனுப்பாதே. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை, உட்கார்ந்திருக்கும்போது விரலில் மாட்டிப் பார்த்தால் 93 சதவீதம் காட்டுகிறது. சும்மா இருக்கும்போதே 88க்கு இறங்கி அங்கேயே நின்றால்தான் வீட்டில் ஆக்சிஜன் வைப்பார்களாம். இந்த நோய்க்காரர்களுக்கு அளவு தெரியாமல் கொடுத்தால் கரியமில வாயு உடம்பில் தேங்கி மயக்கம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும். இன்ஹேலர் பழகினால் விட முடியாது என்று சின்னம்மா உன் காதிலும் ஓதியிருப்பாள். அதைக் காதில் வாங்காதே. சளி அதிகமானாலோ, நிறம் மாறினாலோ, மூச்சுத்திணறல் கூடினாலோ அன்றைக்கே ஓட வேண்டும். அதைத்தான் நான் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'எத்தனை வருஷம்' என்ற உன் கேள்வியை நானும் டாக்டரிடம் கேட்டேன். அவர் பதிலுக்கு, தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டார். அதே வாரம் போட்டுவிட்டோம்.

உன் பேச்சில் எனக்குக் கோபம் வந்தது ஒரே இடத்தில்தான். "அம்மாவ ஒரு வேலையும் செய்ய விடாத" என்றாய். முதல் வாரம் அதைத்தான் செய்தேன். துடைப்பத்தைப் பிடுங்கினேன், அடுப்படிப் பக்கம் விடவில்லை. மூச்சு வாங்குகிறதே என்று உட்கார வைத்தால் கால் சதை வலு இழக்கும். வலு இழந்த காலுக்கு நாலு எட்டு வைப்பதே பெரிய வேலையாகி, மூச்சு இன்னும் வாங்கும். நாலாம் நாள், "என்னைய மூலையில ஒக்கார வச்சுட்டியேடி" என்று அழுதாள். நோயைச் சொன்ன அன்றைக்குக்கூட அவள் அழவில்லை.

இப்போது தினமும் நடக்கிறாள். பிசியோதெரபிப் பெண், விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடச் சொன்னாள். பொம்பளை விசில் அடிப்பாளா என்று அம்மாவுக்கு வெட்கம். "ஊதாங்குழல் ஊதுற மாதிரிம்மா, ஆனா நெருப்பு எரியக் கூடாது, அவ்வளவு மெதுவா" என்றேன். உடனே வந்துவிட்டது. இழுக்க இரண்டு எண்ணிக்கை, விட நாலு. வெங்காயம் உரித்துக்கொண்டே செய்கிறாள்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? வாசலில் விறகு வைத்துத்தான் பானை ஏற்ற வேண்டும் என்று இப்போதே பிடிவாதம். அடுப்பை நீ பற்ற வை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகை போகாத பக்கம் தள்ளி அவளுக்கு நாற்காலி போடு. பானை பொங்கும்போது குலவையை நான் போடுகிறேன். அவளால் இழுத்து முடிக்க முடியாது. ஆனாலும் எழுந்து வந்து ஆரம்பிப்பாள். அப்போது போய்த் தடுக்காதே.

உன் அக்கா